விட்டு விட்ட கோடு

வாத்தியார் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முதுகு மேலே நின்றது. இரண்டு பக்கமும் சரிந்தன. இதுதான் கூரை என்றார். பெஞ்சுமேல் ஏறிக் குனிந்து பார்க்கச் சொன்னார். பதினோரு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். மேலிருந்து பார்த்தபோது சரிவு தெரியவில்லை. ஒரு செவ்வகம், அதன் நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான்.

"என்ன தெரியுது?"

"புக்கு சார்," என்றான், காலையில் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டு மதியம் வகுப்புக்கு வருகிறவன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் முன்பு ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைந்தவர். கம்பெனி மூடிய பிறகு, மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்த இந்த அறையை எடுத்து, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வகுப்பு நடத்தினார். கீழே ஆள் மோட்டாரைச் சுழலவிட்டுப் பார்க்கும்போதெல்லாம் மேலே பலகைகள் நடுங்கும். அப்போது எல்லோரும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

இன்னொரு புத்தகத்தை முதல் புத்தகத்துக்குக் குறுக்காக முட்டவைத்தார். இரண்டு கூரைகள் சேருமிடத்தில் ஒரு பள்ளம் விழும், அதற்குப் பெயர் 'வேலி' என்றார்.

"கூரைமேல எதுக்கு சார் வேலி? ஆடு ஏறுமா?"

இது இங்கிலீஷ் வேலி, பள்ளத்தாக்கு என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். வீட்டுக்கு வெளியே ஒரு நீள்சதுரம் போட்டார், அழுத்தமாக. அதற்குள்ளே சற்றுத் தள்ளி இன்னொன்று, விட்டு விட்டு.

"வெளிய இருக்கிறது கூரையோட விளிம்பு. உள்ள இருக்கிறது செவுரு. கூரை எப்பவும் செவுத்தைத் தாண்டி நீட்டிட்டு இருக்கும். அதனால மேலேருந்து பாத்தா செவுரு தெரியாது. தெரியலைங்கிறதுக்காக இல்லாமப் போயிடுமா? போகாது. அதனால விட்டு விட்டுப் போடறோம். கண்ணுக்குத் தெரியுறது முழுக்கோடு. மறைஞ்சிருக்கிறது விட்ட கோடு. இதை மாத்திப் போட்டா தாளைக் கிழிச்சுடுவேன்."

அடுத்த வாரத்துக்குள் அவரவர் வீட்டுக் கூரையை அளந்து வரைந்து கொண்டுவர வேண்டும். வாடகை வீடுதான் சார் என்று யாரோ இழுத்தார்கள். வீட்டுக்காரர் கூரையைப் போடு, மழை உன்மேலதான ஒழுகுது என்றார்.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. நான்கு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சொன்னது 'வந்தேன் சார்' மட்டும்தான். வீட்டில் அவளை ஊமச்சி என்பார்கள். இருபது வயதாகிறது, அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

வீடு 'ட' எழுத்துப் போல இருந்தது. தெருவிலிருந்து உள்ளே நீண்ட முன்கட்டு. அதன் கடைசியில் வலப்பக்கம் திரும்பிய பின்கட்டு. இரண்டுக்கும் ஓட்டுக் கூரை. முன்கட்டில் அப்பா, அம்மா, ஊமச்சி. பின்கட்டில் சித்தி மட்டும். சித்தப்பா போய் மூன்று வருடமாகிறது. வலப்பக்கம் முற்றம். இடப்பக்கம், முன்கட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. தெருவிலிருந்து சித்தியின் வாசலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. சந்தின் கடைசியில், பின்கட்டையும் தாண்டி, எல்லோருக்கும் பொதுவான கழிவறை.

அளப்பதற்குச் சித்தியின் தையல் டேப்பை வாங்கினாள். சித்தி ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பவள். வாசலை ஒட்டி மிஷின் போட்டிருந்தாள். ஆணியில் பழுப்புத் தாளில் வெட்டிய அளவுகள் தொங்கின. டேப்பைக் கொடுத்தவள், மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தானும் எழுந்து வந்தாள்.

சந்தின் அகலத்தை முதலில் பிடித்தார்கள். டேப்பின் ஒரு நுனியைச் சித்தி மதிலோடு அழுத்த, இவள் மறுநுனியை இழுத்தாள். அது சுவரைத் தொட்டதும் தீர்ந்துபோனது. அறுபது அங்குலம். சரியாக ஐந்து அடி.

"பாரேன், எனக்காகவே அளந்து வெட்டின மாதிரி இருக்கு," என்றாள் சித்தி.

கூரை விளிம்பு சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று பார்க்க, ஸ்டூல் போட்டு ஏறி, விளிம்பு ஓட்டிலிருந்து நூலைத் தொங்கவிட்டாள். கீழ் நுனியில் சித்தி கத்தரிக்கோலைக் கட்டினாள். அது ஆடி ஆடி நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்துக்கு நேர் கீழே சித்தி சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளியிலிருந்து சுவர் மூன்று அடி.

இவ்வளவு நீட்டியது சித்தப்பா. ஆதியில் கூரை ஒரு முழம்தான் வெளியே வந்திருந்தது. துணித் தானை, அந்த நீளச் சுருளை, தள்ளுவண்டிக்காரன் சந்துக்குள் கொண்டுவரும்போது நனைகிறதென்று, ஓய்வுநாட்களில் ஏணி போட்டு, தாங்குகட்டை அடித்து, இரண்டு வரிசை ஓடு கூட்டினார். அப்பாவும் கூட நின்று ஓடு எடுத்துக் கொடுத்தார். அந்த நாளில் அண்ணன் தம்பிக்குள் அப்படி.

"உங்க சித்தப்பா இருந்திருந்தா உன்னையே மேல ஏத்தி விட்டிருப்பாரு. நீயும் ஓட்டோட ஓடா அங்கயே உக்காந்திருப்பே. யாரும் தேடியிருக்க மாட்டாங்க, சத்தமே வராதே."

ஊமச்சி சிரித்தாள். அதற்குள் உள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். சித்தி டேப்பைச் சுருட்டிக்கொண்டு தன் வாசலுக்குள் போய்விட்டாள். அம்மா சந்தில் வரும்போது சித்தி வெளியே நிற்பதில்லை.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில்தான் அம்மா சந்தில் வழுக்கி விழுந்திருந்தாள். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். துணி அலசின சோப்புத் தண்ணியைச் சித்தி ஊற்றிவிட்டிருந்தாள் என்றாள் அம்மா. மழை ஈரம் அக்கா, நான் அன்னைக்குத் துவைக்கவே இல்லை என்றாள் சித்தி. யார் சொன்னது சரி என்று யாருக்கும் தெரியாது. சித்தி ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் பாலும் கொண்டுபோனபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதிலிருந்து பேச்சில்லை. சந்தில் தாங்கிப் பிடிக்கச் சித்தி கை கொடுத்தால் அம்மா வாங்கமாட்டாள்.

எனவே ஒரு நாளைக்கு ஆறேழு முறை ஊமச்சிதான். அம்மாவின் இடது கையைத் தன் தோள்மேல் போட்டு, இடுப்பைச் சுற்றிப் பிடித்து, முன்கட்டின் முப்பது அடி, பின்கட்டின் பன்னிரண்டு அடி. போய்வர இருபது நிமிடம். வகுப்பு நாட்களில் அம்மா பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. மகள் திரும்பி வரும்வரை தாங்க வேண்டுமே. கட்டில் ஓரம் டம்ளரில் காலையில் வைத்த தண்ணீர் சாயங்காலம்வரை அப்படியே இருக்கும். உதடு வெடித்திருக்கும். நாலேகால் மணிக்கு ஊமச்சி மூச்சிரைக்க உள்ளே வரும்போது அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருப்பாள்.

அப்பா ரொட்டி அடுப்பில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னே போய் நண்பகலுக்குத் திரும்புவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். முந்தின நாள் ரொட்டியில் விற்காதது இரண்டு கொண்டுவருவார். தின்றுவிட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் விழுந்தால் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். அவருக்கு இரண்டு பெண்களின் சண்டை புரியவில்லை. பாகம் பிரித்துவிட்டால் சத்தம் அடங்கும் என்று மட்டும் தோன்றியது. முன்கட்டும் முற்றமும் தனக்கு, பின்கட்டும் சந்தும் கழிவறையும் சித்திக்கு. அம்மாவுக்கு முற்றத்தில் புதிதாகக் கழிவறையோடு ஒரு குளியலறை. சித்தியும் சரியென்றாள். அவளுக்கு வேண்டியது வழி. வழி முழுசாகக் கிடைத்தால் போதும்.

படத்தை வரைய ஊமச்சிக்கு ஐந்து நாள் பிடித்தது. கால் அங்குலத்துக்கு ஓர் அடி. முகடுகள் இரண்டும் சேரும் இடத்தில் மூலைமட்டத்தை நாற்பத்தைந்தில் வைத்துப் பள்ளத்தின் கோட்டை இழுத்தபோது அது பிசகாமல் உள்மூலையில் போய் விழுந்தது. அதைப் பார்த்து அவளுக்கு மூச்சு நின்றது. கூரை விளிம்பை மெதுப் பென்சிலால் அழுத்தமாகப் போட்டாள். சுவரை விட்டு விட்டுப் போட்டாள். ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம், ஒவ்வொரு இடைவெளியும் ஒரே அளவு. சந்துப் பக்கம் மட்டும் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் முக்கால் அங்குலம். மற்ற பக்கங்களில் அதில் பாதிதான்.

வாத்தியார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்புப் பென்சிலால் மூலையில் 'நன்று' என்று எழுதினார். அந்த ஆண்டு அவர் யாருக்கும் எழுதாதது. வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, தனக்குத் தெரிந்த அலுவலகம் ஒன்றில் படம் நகலெடுக்க ஆள் தேடுகிறார்கள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, நீ போகிறாயா என்றார். அவள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நாலரை மணிக்கு வீட்டில் அம்மா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊமச்சி வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் கொத்தனார் வந்தார். முற்றத்தைச் சுற்றி நடந்தார். இங்கே குளியலறை கட்டினால் கழிவுக் குழாயை வீட்டுத் தரையை உடைத்துத்தான் சந்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்றார். பிறகு சந்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தார்.

"இங்க கட்டினா என்னங்க? கூரை தயாரா இருக்கு. விளிம்புக்கு நேரா ஒரு செவுரு எழுப்பினாப் போதும். வீட்டுக்குள்ளேருந்து ஒரு கதவு உடைச்சுக்கலாம். அம்மா ரெண்டு எட்டு வெச்சா உள்ள."

அது அவங்களுக்குப் போற இடம்ப்பா என்றார் அப்பா. கொத்தனார் தோளைக் குலுக்கிவிட்டு டீயைக் குடித்தார். சித்தி அப்போது உறைகளைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

மறுநாள் நண்பகல் அப்பா ஊமச்சியின் படத்தைக் கேட்டு வாங்கினார். முற்றத்துக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரல் மாவு படாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எத்தனை அடிம்மா?"

"மூணுப்பா."

"இது செவுரு?"

"விட்ட கோடு செவுருப்பா. முழுக்கோடு கூரை."

தலையாட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

பத்திரக்காரர் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார். தோல் பையும் சட்டைப்பையில் மைக்கறையும். கூடத்தில் பாய் விரித்தார்கள். சித்தி முன்வாசல் வழியாக, விருந்தாளி போல, வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். பத்திரத்தோடு ஒரு வரைபடம் சேர்க்க வேண்டும், நில அளவர் வந்தால் பத்து நாளாகும் என்றார் பத்திரக்காரர். எதுக்கு அளவர், நம்ம பொண்ணே வரைஞ்சிருக்கா என்று அப்பா தாளை விரித்தார்.

"அது கூரைப்பா," என்றாள் ஊமச்சி. குரல் யாருக்கும் எட்டவில்லை. மறுபடி சொன்னாள்.

"கூரை இருக்கிற இடத்துலதான வீடு இருக்கு," என்றார் அப்பா.

பத்திரக்காரர் சிரித்தார். படம் சுத்தமாக இருக்கிறது, அளவரே இப்படிப் போடமாட்டார் என்றார். எழுதியதைப் படித்தார். இணைத்துள்ள வரைபடத்தில் முழுக்கோட்டால் குறிக்கப்பட்ட எல்லைக்குட்பட்ட முன்கட்டும் முற்றமும் மூத்தவருக்கு. பின்கட்டும் மீதமுள்ள சந்தும் கழிவறையும் இளையவரின் மனைவிக்கு.

"மீதமுள்ளன்னா?" என்றாள் சித்தி.

"சந்துதாம்மா. வீட்டை விட்டா மீதம் சந்துதானே."

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளின்மேல் குனிந்தாள். விரலால் முழுக்கோட்டைத் தடவினாள். பிறகு விட்ட கோட்டுக்கு வந்தாள். அவள் முகம் தெளிந்தது. வேறெந்தப் படமும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்த இரண்டு கோடுகளை முப்பது வருடமாகப் பழுப்புத் தாளில் போட்டுவருகிறாள்.

"வெளிய இருக்கிறது வெட்டுற கோடு. உள்ள விட்டு விட்டு இருக்கிறது தைக்கிற கோடு. நடுவுல இருக்கிறது தையலுக்கு விட்டது. சரியா?"

பத்திரக்காரர் பலே என்றார். அவருக்கும் படம் தெரியாது. அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

சித்தி அவர்கள் யாரையும் கேட்கவில்லை என்பது போல ஊமச்சி பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு கண்ணு. இது தையலுக்கு விட்டதுதானே? மடிச்சா உள்ள போயிடும். சந்துக்கு வராதே?"

அப்பா திரும்பவில்லை. கட்டில் ஓரம் டம்ளரில் தண்ணீர் நிறைந்திருந்தது. அம்மா விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊமச்சிக்கு வாத்தியார் சொன்ன அலுவலகம் நினைவில் வந்தது. அவள் அதைப் பார்த்ததில்லை. நீளமான மேசைகள் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"விட்டதுதான் சித்தி," என்றாள்.

அது பொய்யில்லை. வகுப்பில் அந்தக் கோட்டுக்கு விட்ட கோடு என்றுதான் பெயர். அன்று மாலையிலிருந்தே அவள் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள்.

சித்தி கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தையல்காரி கையெழுத்து, சீராக, ஒரே அளவாக இருந்தது. எழுந்து போகும்போது கட்டிலைப் பார்த்து, உடம்பைப் பாத்துக்கங்க அக்கா என்றாள். அம்மா ம் என்றாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

பத்தாம் நாள் கொத்தனார் சந்தில் நூல் கட்டினார். கூரை விளிம்புக்கு நேர் கீழே, தெருவிலிருந்து முன்கட்டு முடியும்வரை. மிஷின் சத்தம் நின்றது. சித்தி வெளியே வந்து நூலைப் பார்த்தாள். தன் டேப்பை எடுத்து வந்து நூலுக்கும் மதிலுக்கும் நடுவே பிடித்தாள். இருபத்து நான்கு அங்குலம். டேப்பின் மீதி தரையில் சுருண்டு கிடந்தது.

அவள் கத்தவில்லை. முன்வாசலில் வந்து நின்று, மாமா என்று கூப்பிட்டாள். அப்பா அடுப்பிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றியிருக்கவில்லை.

"இது என்ன மாமா?"

"பத்திரத்துல இருக்கிறதுதான்."

"தள்ளுவண்டி எப்படி வரும்?"

"படத்தைப் பாத்துட்டுத்தானம்மா கையெழுத்துப் போட்டே. நானா மறைச்சேன்? உன் முன்னாலதான விரிச்சு வெச்சிருந்துச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே அப்படி நம்பத் தொடங்கிவிட்டார் போலிருந்தது. அவளால எந்திரிக்க முடியலை, நீயும் பாக்குறேதானே என்றும் சொன்னார். சித்தி கையிலிருந்த டேப்பைச் சுருட்டினாள். பிறகு போய்விட்டாள். சற்று நேரத்தில் மிஷின் மறுபடி ஓடியது.

குளியலறைக்கு எட்டு அடி போதும். அப்பா முப்பது அடியையும் அடைத்தார். ஆள் வந்ததுதான் வந்தான், விறகுக்கும் ஆகும் என்றார். கூடத்துச் சுவரை உடைத்துக் கதவு வைத்தார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகப் போய்வந்தாள். முதல் நாள் நான்கு முறை போனாள், தேவையில்லாமலே. மதியம் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்த்து ஊமச்சி சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

தெருவில் பேச்சு எழுந்தது. படம் போட்ட பெண்ணும் உடந்தையாமே என்று யாரோ சித்தியிடமே கேட்டார்கள். சித்தி மறுத்ததாக ஊமச்சி கேள்விப்பட்டாள். பொண்ணு சரியாத்தான் வரைஞ்சிருக்கு, அதுல ஒரு குத்தமும் இல்லை, எனக்குத்தான் தையல் புத்தி, எதைப் பாத்தாலும் துணியாத் தெரியுது என்றாளாம். அதை வந்து சொன்ன தெருக்காரி, உங்க சித்திக்கு உன்மேல எவ்வளவு உசுரு பாரு என்றும் சொன்னாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் மேசைகள் நீளமாக இல்லை. சுவரைப் பார்த்த சிறு பலகை. ஆனால் வேலை பிடித்திருந்தது. மற்றவர் வரைந்ததன்மேல் மெல்லிய தாளைப் போட்டு மையால் இழுக்க வேண்டும். பேசத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் அவள் கையைத் தலைமை வரைவாளர் தனியாகக் கவனிக்கத் தொடங்கினார்.

மூன்றாவது வாரம், வேலை விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தெருமுனை திரும்பியதும் பார்த்தாள். சந்து வாயில் தள்ளுவண்டி நின்றது. வண்டிக்காரன் துணித் தானை இறக்கி மதிலோடு சாய்த்துவிட்டு, உள்ள போகாதும்மா, என்னால ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தான் ஆறடி நீளம், வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சித்தி முந்தானையால் கிழிசலை மூடிப் பிடித்திருந்தாள். வண்டிக்காரன் போய்விட்டான்.

சந்துக்குள் கூரைத் தண்ணீர் மொத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது. புதுச் சுவருக்கு வெளியே, மதிலுக்கு உள்ளே, சரியாக அந்த இரண்டு அடியில். முப்பது அடிக்கும் ஒரே திரை.

"முன்வாசல் வழியா வாங்க சித்தி. கூடத்துல வெச்சுட்டு மழை விட்டதும் எடுத்துக்கலாம்," என்றாள் ஊமச்சி.

"கூடத்துலயா?" என்றாள் சித்தி. சந்துப் பக்கம் திரும்பினாள்.

ஊமச்சி குடையைச் சந்துக்குள் நீட்டிப் பார்த்தாள். கம்பி இரண்டு பக்கமும் இடித்தது. மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானின் முன்நுனியைத் தூக்கினாள். சித்தி பின்நுனியைத் தூக்கினாள். பக்கவாட்டில் போக இடமில்லை. ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள்.

தலையில் தண்ணீர் சாட்டையாக விழுந்தது. புதுச் சுவரின் சொரசொரச் சிமெண்ட் தோளில் உராய்ந்தது. உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், அம்மா வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.

"வேலை எல்லாம் எப்படி இருக்கு?" என்றாள் சித்தி பின்னாலிருந்து.

"நல்லா இருக்கு சித்தி."

"நல்லா இருக்கட்டும். உன் கை நல்ல கை. நான்தான் படிக்கத் தெரியாம கெடுத்துக்கிட்டேன். அதுக்கு நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியாதே. வீட்டுப்பக்கமே வரமாட்டேங்கிறே. உனக்கு என்ன தெரியும், படிக்கிற பொண்ணு."

ஊமச்சி ஐந்தாறு எட்டு நடந்தாள். பாதிச் சந்து வந்திருந்தது. முன்னால் சித்தியின் வாசல் தெரிந்தது. மிஷின்மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் சித்தி."

"என்ன?"

"நீங்க கேட்டப்ப. எது செவுரு, எது கூரை, எவ்வளவு போகும்னு. தெரிஞ்சுதான் சொன்னேன்."

தான் பின்னாலிருந்து இழுபட்டு நின்றது. அவளும் நின்றாள். கையில் துணியின் கனம் கூடியது. பிறகு, எதிர்முனையில் பிடி தளர்ந்தாற்போல, சற்றுச் சாய்ந்தது. அவள் இறுக்கிப் பிடித்தாள். திரும்பிப் பார்க்க முயன்றாள். தோள் சுவரில் இடித்தது. தானைக் கீழே போடாமல் திரும்ப முடியாது. கீழே ஓடியது கூரைப் பாசி கரைந்த பச்சைத் தண்ணீர். சித்தியின் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தான் மெல்ல நிமிர்ந்தது. மறுமுனையில் கை மாற்றிப் பிடித்தது தெரிந்தது.

"நட," என்றாள் சித்தி. "துணி நனையுது."